டாங்கோ: லைவ் பேண்டுக்கு ஏன் சில நேரம் ஆடவே வரமாட்டேங்குது?

கால்மாத்தி

வணக்கம். இங்க டாங்கோ (அர்ஜென்டினா ஜோடி நடனம்) ஆடுறவங்க எத்தனை பேர் இருக்கீங்கன்னு தெரியல, ஒரு நாலு பேராவது இருப்பீங்கன்னு நம்பிக் கேக்குறேன். நான் பெர்லின்ல இருக்கேன், ஆட ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு, பெரும்பாலும் ஃபாலோ பண்றதுதான், இப்பதான் லீட் பண்ணவும் கத்துக்கிட்டிருக்கேன்.

போன மாசம் இங்க ஒரு மிலோங்கால (டாங்கோ ஆடக் கூடுற இடம்) லைவ் மியூசிக்னு போட்டிருந்தாங்க. நாலு பேர் குழு, பேர் வேண்டாம். வாசிப்புன்னா அப்படி ஒரு வாசிப்பு, பியானோக்காரர் விரல் போற வேகத்துக்கு என் கண்ணே போகல. ஆனா ரெண்டாவது பாட்டுலயே பாதி பேர் உக்காந்துட்டாங்க. என்னோட ஆடினவர் பல வருஷம் ஆடுறவர், அவரோட ஆடினா எப்பவும் சுகமா இருக்கும், அன்னைக்கு என்னடான்னா இருட்டுல மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்குன்னு நினைச்சு கால வச்சு தரை டொக்குன்னு இடிக்குமே, ஒவ்வொரு அடியும் அந்த மாதிரி. பாட்டு முடிஞ்சதும் ரெண்டு பேரும் மாறி மாறி சாரி சொல்லிக்கிட்டோம்.

இதுக்கு நேர்மாறா ரெண்டு வருஷம் முன்னாடி புவனெஸ் அயர்ஸ் போயிருந்தப்ப சலோன் கானிங்ங்கிற நடனக் கூடத்துல ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல ஒரு ஆர்கெஸ்ட்ரா வந்து உக்காந்துச்சு. உண்மையச் சொல்லணும்னா ஒரு வயலின் சுருதி லேசா விலகித்தான் இருந்துச்சு, எனக்கே கேட்டுச்சு. ஆனா கால் தானா போச்சு. தளத்துல அவ்வளவு கூட்டம், யாரும் யாரையும் இடிக்கல, ஏதோ எல்லாரையும் ஒரே கயித்துல கட்டி இழுத்துட்டுப் போற மாதிரி.

அப்ப திறமை இல்ல விஷயம். வேற என்ன? இல்ல பழைய ரெக்கார்டு கேட்டுக் கேட்டே பழகிட்டோம், புதுசா எது வாசிச்சாலும் காலுக்குப் பிடிக்கலன்னு நம்ம மேலதான் தப்பா?

பழைய_ரெக்கார்டு

நான் பாரிஸில இருக்கிறன், கன காலமா மிலோங்காக்களுக்கு டீஜே செய்யிறன். நீங்கள் கடைசியாக் கேட்ட கேள்வியில பாதி உண்மை இருக்கு, அதை முதல்ல சொல்லிப்போட்டு மற்றதுக்கு வாறன்.

நாங்கள் ஆடுறது முக்கால்வாசியும் 1935 தொடக்கம் 1955 வரைக்கும் பதிஞ்ச இசைத்தட்டுகள். 78 வேகத் தட்டு எண்டபடியா ஒரு பாட்டு கிட்டத்தட்ட மூண்டு நிமிசத்தில முடிஞ்சிடும். அதே தட்டுகளை ஒவ்வொரு கிழமையும் கேட்டுக் கேட்டு எங்க வயலின் ஏறும், எங்க எல்லாம் நிண்டு போகும் எண்டு உடம்புக்கு மனப்பாடம். லைவில அந்த மனப்பாடம் உதவாது. கொஞ்சம் மாத்தி வாசிச்சாலே காலுக்குத் திகைப்பு வரும். அது ஆடுறவையின்ர பிரச்சினை, பேண்டின்ர இல்லை.

ஆனா அதே தட்டுகளை வாசிச்ச ஆக்கள் எப்பிடி வாசிச்சவை எண்டதையும் பாக்க வேணும். ஆர்கெஸ்ட்ராத் தலைவர் ஹுவான் டாரியென்சோவை எடுங்கோ. 1935 கடைசியில ரொடோல்ஃபோ பியாஜி அவரின்ர பியானோவில வந்து இருக்கிறார், அதுக்குப் பிறகு அந்த ஆர்கெஸ்ட்ராவின்ர சத்தமே வேற. வெட்டு வெட்டா, இறுக்கமா, மெட்டு மூச்சு வாங்கிற இடத்தில பியானோ குட்டியா ஒரு சேட்டை. 1938ல பியாஜி பிரிஞ்சு போய்த் தன்ர ஆர்கெஸ்ட்ரா துவங்கீட்டார், ஆனா டாரியென்சோ அந்த அடியைக் கடைசி வரைக்கும் விடேல்லை. தாளத்தின்ர ராசா எண்டு அவருக்குப் பேர். கேக்கிற ஆக்கள் கனபேர் இவரைச் சாதாரணம் எண்டு சொல்லுவினம், சரியான பண்டிதர்மார். நான் மிலோங்காவில தளம் காலியாக் கிடந்தா வேற யோசினையே இல்லை, 1937 டாரியென்சோ ஒரு டாண்டா (ஒரே மாதிரிப் பாட்டுத் தொகுப்பு) போடுவன், நாலு பாட்டு முடியிறதுக்குள்ள நடக்க இடம் இராது.

அந்தக் காலத்து ஆர்கெஸ்ட்ராக்கள் கிளப், கபரே, வானொலி, கார்னவல் எண்டு ஓயாமல் வாசிச்சவை, அதில பாதி ஆடுற சனத்துக்கு முன்னால. தளத்தில ஆக்கள் குறைஞ்சா அடுத்த கிழமை கூப்பிட மாட்டினம், அவ்வளவுதான் விமர்சனம். 1955ல அர்ஜென்டினாவில பெரோன் ஆட்சி கவிழ்ந்தது, பிறகு ராக் அண்ட் ரோலும் வந்து சேர்ந்தது, பெரிய ஆர்கெஸ்ட்ராக்களுக்குச் சம்பளம் குடுக்க ஆளில்லை. சின்னக் குழுக்கள், கதிரையில இருந்து கேக்கிற சனம். இருந்து கேக்கிற டாங்கோ எழுதின பியாசோலாவின்ர எட்டுப் பேர் குழுவும் அதே 1955தான். அதில பிழை ஒண்டும் இல்லை, எனக்கும் விருப்பம். ஆனா பிறகு வந்த இளம் ஆக்கள் கனபேர் டாங்கோ படிச்சது அந்தக் கதிரைச் சனத்துக்கு வாசிச்ச டாங்கோவைக் கேட்டுத்தான். உங்கட நாலு பேரும் அந்த வழியில வந்தவையா இருக்கும் எண்டு நினைக்கிறன்.

அந்தப் பழைய கையைத் திரும்பப் பிடிக்கிறதுக்கெண்டே 2000ல புவனெஸ் அயர்ஸில ஒரு ஆர்கெஸ்ட்ராப் பள்ளிக்கூடம் துவங்கினவை. புக்லியேசேயின்ர ஆர்கெஸ்ட்ராவில வயலின் வாசிச்ச எமிலியோ பல்கார்சே, அப்பவே 80 வயசு தாண்டின மனுசன், அவரைக் கூட்டிக்கொண்டு வந்து பெடி பெட்டையளுக்குச் சொல்லிக் குடுக்க வைச்சவை. ஏனெண்டா நோட்டுப் புத்தகத்தில இது இல்லை. எழுதினது ஒண்டு, அவை வாசிச்சது வேற ஒண்டு.

வில்லும்_நானும்

மேல சொன்ன அந்தக் கடைசி வரிதான் முக்கியம், அத வாசிக்கிற பக்கத்துலேருந்து கொஞ்சம் சொல்றேன். நான் சின்ன வயசுல கர்நாடக வயலின் கத்துக்கிட்டவன், இப்ப ஹாலந்துல ஒரு அமெச்சூர் டாங்கோ ஆர்கெஸ்ட்ரால மூணாவது வயலின். மூணாவது வயலின்னா யாருக்கும் கேக்காது, ஆனா இல்லன்னா தெரியும், நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் சத்தம் மாதிரி.

முதல் ரிகர்சல்ல எங்களுக்கு சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார், வாசிச்சோம், நோட்டு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. மனுஷன் ஒண்ணும் சொல்லல. வாத்தியத்த கீழ வச்சுட்டு எல்லாரும் எந்திரிச்சு நடங்கன்னாரு. பதினோரு பேரும் அசடு வழிய அந்த ஹால சுத்தி சுத்தி நடந்தோம், டி சார்லி ஆர்கெஸ்ட்ராவோட பழைய ரெக்கார்டு ஓடுது, கால் மணி நேரம் வெறும் நடை. அப்புறம் கேட்டாரு, கால் தரையில பட்டது எப்ப, நீங்க நடக்க முடிவு பண்ணது எப்பன்னு. அங்கதான் எனக்கு பல்பு எரிஞ்சது. அடி விழுற நேரத்துல கால் கிளம்பினா லேட்டு, உடம்பு எடை அதுக்கு முன்னாடியே ஒரு கால்லேருந்து இன்னொரு காலுக்கு போக ஆரம்பிச்சிருக்கணும். அப்ப ஆடுறவங்களுக்கு அடி வரப்போகுதுன்னு முன்னாடியே யாராவது சொல்லணும்ல?

அதச் சொல்றதுதான் அராஸ்த்ரே. இழுவைன்னு வச்சுக்கோங்க. பாஸ்ல (ஆளுயரத்துக்கு ஒரு பெரிய வயலின் மாதிரி இருக்கும்) வில்லு அடிக்கு முன்னாடியே தந்தியக் கவ்வி கீழேருந்து இழுத்துட்டு வரும், பியானோல இடது கை அடி நோட்டுகள உருட்டிட்டு வரும், பண்டோனியன்ல (அக்கார்டியன் மாதிரி துருத்தி வாத்தியம்) பெட்டி திறக்க ஆரம்பிச்சு அடியில வந்து வெட்டும். ஸ்ஸ்ஸ்ழும்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அந்த ஸ்ஸ்ஸ் நேரத்துலதான் உங்க எடை மாறுது, ழும்ல கால் முழுசா நிக்குது. நோட்டுல இது எழுதியிருக்காது, எழுதியிருந்தாலும் ஒரு சின்ன கோடுதான். கிளாசிக்கல் படிச்சுட்டு வந்தவங்க அடிய அடி இடத்துல சுத்தமா வைப்பாங்க, கேக்க அழகா இருக்கும், ஆடுறவனுக்கு தகவல் வந்து சேர்றப்ப நேரம் முடிஞ்சிருக்கும். நீங்க சொன்ன மாடிப்படி இடி அதுதான்னு என் சந்தேகம்.

பண்டோனியன் பத்தி ஒண்ணு, கதை நீளுது மன்னிச்சுக்கோங்க. அந்தப் பெட்டி ஜெர்மன்காரங்க பண்ணது, திறக்கும்போது ஒரு பட்டன் ஒரு சுரம், மூடும்போது அதே பட்டன் வேற சுரம், அதுலயே பைத்தியம் பிடிக்கும். டாங்கோ வாசிக்கிறவங்க பெரும்பாலும் திறக்கும்போதே வாசிச்சுட்டு, ஓரத்துல இருக்கிற காத்து வால்வ அழுத்தி சட்டுனு மூடிப்பாங்க. ஏன்னா திறக்கும்போது பெட்டியோட எடை தொடைக்கு ரெண்டு பக்கமும் கீழ விழுது, அந்த விழுகை அடிக்கு பலம் கொடுக்குது, கூடவே முட்டிய ஒரு எக்கு எக்குவாங்க. அதாவது அவங்களும் கால்லதான் வாசிக்கிறாங்க. நாலஞ்சு பேரு வரிசையா ஒரே நேரத்துல முட்டிய எக்கினா தளத்துல யாரும் சும்மா நிக்க முடியாது.

அப்புறம் ஒத்துமை. டாங்கோன்னாலே தாளம் நேரா போகணும்னு ஒண்ணும் இல்ல. புக்லியேசே ஆர்கெஸ்ட்ரா எவ்வளவு இழுக்கும், எவ்வளவு நிக்கும், அப்படியும் ஜனங்க ஆடுறாங்க, எப்படி? 1946ல பதிஞ்ச லா யும்பா கேளுங்க. யும்னு ஒண்ணாவது, மூணாவது அடியில எல்லாரும் சேந்து இழுத்து வெட்டுவாங்க, ரெண்டுலயும் நாலுலயும் பியானோ அடிமட்டத்துல பான்னு ஒரு முணுமுணுப்பு. வேகம் குறைஞ்சா பத்துப் பன்னிரண்டு பேரும் ஒரே மூச்சுல குறைவாங்க. நின்னாலும் சேந்து நிப்பாங்க, மறுபடி எடுக்கும்போது அந்த இழுவை வரும், நீங்க தயாராகிடுவீங்க. நாலு பேர் நாலு இடத்துல நெளிஞ்சா யார நம்பி கால வைக்கிறது? தனித்தனியா எல்லாருக்கும் ரசனை இருக்கிறதுதான் இதுல பெரிய ஆபத்து. என் கையும் ஆரம்பத்துல கமகம் போட துறுதுறுன்னு இருக்கும், வலது பக்கம் இருக்கிற அம்மா வில்லால என் ஸ்டாண்ட தட்டுவாங்க.

டிரோய்லோன்னு ஒரு ஆர்கெஸ்ட்ராத் தலைவர் பத்தி ஒரு கதை உண்டு. பியாசோலா இளவயசுல 1939லேருந்து 1944 வரைக்கும் அவர் ஆர்கெஸ்ட்ராலதான் இருந்தாரு, பண்டோனியனும் வாசிச்சு அரேஞ்ச்மெண்ட்டும் எழுதினாரு. எழுதிட்டு வர்ற சுரங்கள்ல பாதிய டிரோய்லோ ரப்பர் வச்சு அழிச்சிடுவாராம், ஜனங்க ஆடணும்பா அப்படின்னு. அந்த ரப்பர் உங்க பெர்லின் குழுவுக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுக்கலாம்.

சும்மா_வந்தவன்

எனக்கு டாங்கோன்னா சினிமால ரோஜாப்பூவ வாயில கடிச்சுக்கிட்டு ஆடுறதுதான் தெரியும், ஆனாலும் முழுசா படிச்சேன். ஒரு சந்தேகம். நம்ம பரதநாட்டியத்துல நட்டுவாங்கம் பண்றவர் ஆடுறவங்க கால பாத்துக்கிட்டே தட்டுவாரு, மிருதங்கக்காரரும் அப்படியே. அந்த மாதிரி இவங்களும் தளத்தப் பாத்து வாசிச்சா பிரச்சினை தீந்துச்சே? பாக்காம தலைய குனிஞ்சு வாசிக்கிறதாலதான் இப்படி ஆகுதோ?

சுவரோரம்

சும்மா_வந்தவன் தம்பி, நல்ல கேள்விதான், ஆனா பொருந்தாது. அங்க ஆடுறவங்களுக்கும் வாசிக்கிறவங்களுக்கும் ஒரே உருப்படி தெரியும், ஒத்திகை பாத்திருக்காங்க. மிலோங்கால நாப்பது ஜோடி, நாப்பதும் அந்த நிமிஷம் தோணினத ஆடுது, ஒண்ணு நடக்கும், ஒண்ணு சுத்தும், ஒண்ணு சும்மா கட்டிப் பிடிச்சு மூச்சு விட்டுக்கிட்டு நிக்கும். எந்தக் கால பாத்து வாசிப்பாரு? யார் பின்னாடியும் போக முடியாது, அதனால எல்லாரும் அவங்க பின்னாடி போற மாதிரி வாசிக்கணும். தலைய நிமிந்து தளத்தப் பாக்கணும்தான், அது பாட்டு எடுபடுதா, அடுத்து எத எடுக்கலாம்னு தெரிஞ்சுக்க. (ரோஜாப்பூ யாரும் கடிக்கிறதில்ல.)

நான் இருபது வருஷமா ஆடுறேன், பாதி நேரம் சுவரோரம் உக்காந்துதான், முட்டி அப்படி. எனக்கு கொஞ்சம் குறைகள் இருக்கு, வரிசையெல்லாம் இல்லாம கொட்டிடுறேன்.

லைவ் பேண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல மைக்க பிடிச்சு கதை சொல்றது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல அரை நிமிஷம் ஆடுறவங்களே பேசிக்குவாங்க, அது போதும். மூணு நிமிஷம் பாடகர் தாத்தா ஊர்க்கதை சொன்னா பிடிச்ச கைய விடறதா வச்சிருக்கறதான்னே தெரியாது, சங்கடம். அப்புறம் ஒரு டாங்கோ, உடனே ஒரு வால்ஸ், உடனே ஒரு மிலோங்கான்னு (இந்தப் பேர்ல ஒரு பாட்டு வகையும் உண்டு) கலந்து கட்டுறது. டாண்டான்னு ஒண்ணு ஏன் வச்சிருக்காங்க? ஒரே குணமா மூணு நாலு பாட்டு வந்தாத்தான் ரெண்டு உடம்பு பழகும்.

பாடகர். முப்பதுகள்ல ஆட்ட ஆர்கெஸ்ட்ரால பாடுறவர் நடுவுல பல்லவி மாதிரி ஒரு துண்டு பாடிட்டு ஒதுங்கிடுவாரு, நாப்பதுகள்ல நிறையப் பாடினாங்க, ஆனாலும் ஃபியோரென்டினோ டிரோய்லோவோட பாடினதக் கேளுங்க, இன்னொரு வாத்தியம் மாதிரி தாளத்துக்குள்ளயே உக்காந்திருப்பாரு. இப்ப சில பேரு மேடை நாடகம் மாதிரி கடைசி வரிய நீட்டுவாங்க, பேண்டு முழுக்க அவருக்காக காத்துக்கிட்டிருக்கும், தளத்துல நாப்பது ஜோடி ஒத்தக்கால்ல கொக்கு மாதிரி. பழைய டாங்கோ பாடகர் கார்டெல் பாட்டுக்கு மிலோங்கால ஆடமாட்டாங்கன்னு சொல்றதும் கிட்டத்தட்ட இதனாலதான், அந்தக் குரல் உக்காந்து கேக்கறதுக்கு.

ஸ்பீக்கர். பண்டோனியனுக்கும் குரலுக்கும் மைக்கு வச்சு ஏத்திட்டு பாஸ அப்படியே விட்டுடுவாங்க. மூலைல நிக்கிறவனுக்கு மெட்டு மட்டும் கேக்கும், அடி கேக்காது.

முடிவு. சான்-சான்னு ரெண்டு கொட்டு. டாரியென்சோ ரெண்டையும் பளிச்சுனு வைப்பாரு, புக்லியேசே ரெண்டாவத கொஞ்சம் காக்க வச்சு மெதுவா விடுவாரு. எதுவா இருந்தாலும் சரி, முடியப்போகுதுன்னு தெரியணும். மூணு தடவ முடியற மாதிரி காட்டிட்டு மறுபடி தொடங்கற பேண்டு மேல எனக்கு தனிக் கோபம்.

நல்லதும் சொல்லணும்ல. புக்லியேசேகிட்ட பண்டோனியன் வாசிச்ச ரொபர்த்தோ ஆல்வாரெஸ் ஆரம்பிச்ச கலர் டாங்கோவ ஒரு தடவ நேர்ல கேட்டு ஆடியிருக்கேன். சின்னக் குழுதான், ஆனா தரையே கூட வந்துச்சு. அன்னைக்கு முட்டி வலி மறுநாள்தான் தெரிஞ்சது.

கால்மாத்தி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. நேத்து ராத்திரி லா யும்பாவ ஹெட்ஃபோன்ல போட்டுட்டு சமையக்கட்டுல நடந்து பாத்தேன், அந்த இழுவை இத்தனை நாள் காதுல விழுந்தும் கவனிச்சதே இல்ல, இப்ப கேக்காம இருக்க முடியல.

ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அந்த நாலு பேருல பாஸே இல்ல. பியானோ, பண்டோனியன், வயலின், கித்தார். அதான் காரணமா? பாஸ் இல்லன்னா ஆடவே முடியாதா?

வில்லும்_நானும்

பாஸ் இருந்தா வேலை பாதி முடிஞ்சது, ஆனா இல்லாமலும் முடியும். பியானோ இடது கை அந்த இடத்துக்கு வரணும். கார்லோஸ் டி சார்லி ஆர்கெஸ்ட்ரால பாஸ் இருந்தும் அவர் இடது கைதான் எல்லாரையும் நடக்க வைக்கும், ஐம்பதுகள்ல பதிஞ்சதக் கேளுங்க, மேல வயலின் எல்லாம் பட்டுத்துணி மாதிரி நீளமா போகும், அடியில அந்தக் கை சத்தமில்லாம ஒவ்வொரு அடியா வச்சுட்டுப் போகும். உங்க பியானோக்காரர் விரல் கண்ணுக்குத் தெரியாத வேகத்துல போச்சுன்னு சொன்னீங்களே, எந்தக் கை?

கால்மாத்தி

ஐயோ. வலது கை. இடது கை என்ன பண்ணுச்சுன்னு நான் பாக்கவே இல்ல, பாக்குற மாதிரி எதுவும் பண்ணலன்னு நினைக்கிறேன்.

பழைய_ரெக்கார்டு

அப்ப சரி, விசயம் விளங்குது. ஒரு சின்ன உதவி மட்டும் சொல்லுறன். லைவ் எண்டா முதல் பாட்டுக்கு உடனே எழும்பாதேங்கோ. பெரும்பாலான டாங்கோவில நாலு பாருக்கு (bar, ஒரு தாளச் சுற்று) ஒருக்கா மெட்டு மூச்சு வாங்கும், உங்கட காலுக்கு எட்டு அடி. முதல் பகுதியை இருந்து கேளுங்கோ, அந்த மூச்சு உங்களுக்கு வலிய வந்து விளங்கினா அது ஆடலாம். தேடிப் பிடிக்க வேண்டி இருந்தா கேக்கிறதுக்கு மட்டும். புவனெஸ் அயர்ஸிலயும் கன பழைய ஆக்கள் ஆர்கெஸ்ட்ராவின்ர முதல் பாட்டைக் கதிரையில இருந்துதான் கேப்பினம், பாத்திருப்பீங்கள்.

சுவரோரம்

அது மரியாதைக்குன்னு சொல்லிக்குவாங்க. உண்மையில எடை போடுறாங்க.

கால்மாத்தி

அதே குழு அடுத்த மாசம் மறுபடி வருதாம், இப்பதான் போஸ்டர் பாத்தேன், நாலு பேருக்கு பதிலா அஞ்சு பேர்னு போட்டிருக்கு, அஞ்சாவது யாருன்னு போடல. கதவுகிட்ட உக்காந்து பாக்கப் போறேன். ஆளுயரப் பெட்டிய முதுகுல சுமந்துட்டு யாராவது வந்தா ஷூ மாட்டுவேன், இன்னொரு பாடகர் வந்தா ஒயின் வாங்கிட்டு சுவரோரம் அண்ணன் மாதிரி உக்காந்துடுவேன்.